பாக்டீரியாவின் உடலுக்குள் விளையும் காந்தக் கற்கள்

ஒரு குளத்தின் அடிச்சேற்றையும் அதன்மேல் நிற்கும் நீரையும் கண்ணாடிச் சாடியில் எடுத்து, வெளிச்சம் அதிகம் படாத இடத்தில் சில வாரங்கள் அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். பிறகு சேற்றின் மேல்மட்டத்துக்குச் சற்று மேலே, சாடியின் வெளிப்புறத்தில் ஒரு சட்டக் காந்தத்தைப் பொருத்திச் சிறிது நேரம் காத்திருந்து, அதற்கு நேராக உட்சுவரை ஒட்டியுள்ள நீரில் ஒரு துளியை உறிஞ்சி நுண்ணோக்கியின் அடியில் வைத்தால், கூட்டமாக நீந்தும் பாக்டீரியாக்கள் தென்படும். காந்தத்தை அருகில் கொண்டுவந்ததும் அவற்றில் ஒரு பகுதி மட்டும் ஒரே திசையில் விரைந்து துளியின் விளிம்பில் குவியும். காந்தத்தைத் திருப்பிப் பிடித்தால் அந்தக் கூட்டம் அப்படியே வளைந்து திரும்பி எதிர் விளிம்புக்குப் புறப்படும். துளியில் உள்ள மற்ற பாக்டீரியாக்களுக்கோ காந்தம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவை எப்போதும்போல் நாலாபுறமும் அலைந்துகொண்டிருக்கும்.

இதை முதலில் கவனித்து எழுதிவைத்தவர் இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் சால்வடோரே பெல்லினி. நீரில் வாழும் சில பாக்டீரியாக்கள் வடக்கு நோக்கியே நீந்துவதை 1963-இல் கண்ட அவர், அவற்றின் உடலுக்குள் ஒரு திசைகாட்டி இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அவருடைய குறிப்புகள் அக்காலத்தில் அறிவியல் இதழ் எதிலும் வெளிவரவில்லை. ஆங்கிலத்தில் அச்சேறியது 2009-இல்தான். இதற்கிடையே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆய்வு மாணவராக இருந்த ரிச்சர்ட் பிளேக்மோர், சதுப்புச் சேற்றில் வேறொரு வகை பாக்டீரியாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, சில உயிரிகள் எப்போதும் நுண்ணோக்கியின் ஒரே பக்கத்துக்குப் போய்ச் சேர்வதைக் கண்டார். வெளிச்சத்தை நாடிப் போகின்றன என்றுதான் முதலில் நினைத்தார். நுண்ணோக்கியை மூடிப் பார்த்தார், திருப்பிவைத்துப் பார்த்தார், திசை மாறவில்லை. காந்தத்தைக் கொண்டுவந்தபோது மாறியது. 1975-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறையைத் தொடங்கிவைத்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தச் செல்களுக்குள் இரும்புச்சத்து மிக்க துகள்கள் மணிமாலைபோல் வரிசையாக நிற்பது தெரிந்தது. அவை மேக்னடைட் என்னும் காந்தக் கனிமமே என்பதை 1979-இல் பிளேக்மோரும் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபிராங்கலும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் உறுதிசெய்தார்கள்.

மேக்னடைட் அரிய பொருள் அல்ல. பாறைகளிலும் ஆற்று மணலிலும் அது ஏராளமாகக் கிடைக்கிறது. மாலுமிகளுக்குப் பழங்காலத்தில் வடக்கைக் காட்டிய காந்தக்கல்லும் அதுதான். ஆகவே பாக்டீரியா ஒரு காந்தப் பொருளை உண்டாக்குகிறது என்பதைவிட, அதை எந்த அளவில், எந்த வடிவில், எந்த இடத்தில், எத்தனை எண்ணிக்கையில் உண்டாக்குகிறது என்பதுதான் ஆழ்ந்து பார்க்க வேண்டிய செய்தி என்பது என் கருத்து. படிகம் வளரத் தொடங்குவதற்கு வேதியியல் விதிகள் போதும். சரியான இடத்தில் தொடங்கிச் சரியான அளவில் நிற்பதற்குத்தான் உயிர் தேவைப்படுகிறது.

அளவு ஏன் அத்தனை முக்கியம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். மேக்னடைட் துகள் ஏறத்தாழ 30 நானோமீட்டருக்குக் கீழே சிறுத்துவிட்டால், அறை வெப்பநிலையின் அதிர்வே அதன் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிப் போட்டுவிடும். அத்தகைய துகளுக்கு நிலையான வடமுனையோ தென்முனையோ இராது. மாறாக, 120 நானோமீட்டர் அளவைத் தாண்டிப் பெருத்தால், அதன் உட்புறம் வெவ்வேறு திசைகளில் காந்தமான பல பகுதிகளாகப் பிரிந்துகொண்டு, ஒன்றின் விளைவை மற்றொன்று பெருமளவு அழித்துவிடும். இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில் மட்டுமே ஒரு படிகம் முழுவதும் ஒரே காந்தமாக, நிலையான இரு முனைகளுடன் இருக்க முடியும். இயற்பியலாளர்கள் இதை ஒற்றைக் களத் துகள் என்பார்கள். பாக்டீரியாக்கள் செய்யும் படிகங்கள் பெரும்பாலும் 35 முதல் 120 நானோமீட்டர் வரையிலான அளவில்தான் இருக்கின்றன. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பங்கிட்டால் வருவது ஒரு நானோமீட்டர் என்பதை நினைவில் கொண்டால், அந்த எல்லைகளுக்குள் தவறாமல் நிற்பது எத்தகைய நுட்பம் என்பது விளங்கும்.

ஆனால் அளவு சரியாக இருந்தாலும் ஒரு படிகம் மட்டும் போதாது. 42 நானோமீட்டர் பக்கமுள்ள ஒரு மேக்னடைட் கனசதுரத்தைப் பூமியின் காந்தப்புலத்தில் வைத்தால், அதைத் திசைக்கு இழுக்கும் ஆற்றல், சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் அதைக் குலுக்கும் வெப்ப ஆற்றலில் பாதிகூட இருக்காது. இருபது படிகங்கள் முனைக்கு முனை ஒரே நேர்கோட்டில் நின்றால் அவற்றின் காந்த வலிமைகள் ஒன்றோடொன்று கூடி, இழுக்கும் ஆற்றல் குலுக்கும் ஆற்றலைப்போல் எட்டு, ஒன்பது மடங்காக உயர்ந்துவிடும். அதன் பிறகு செல் முழுவதும் ஒரு திசைகாட்டி முள்ளாகத் திரும்பும். இதில் உணர்வு உறுப்பு என்று எதுவும் இல்லை. இறந்த செல்கூட புலத்தின் திசைக்குத் திரும்பி நிற்கும். உயிருள்ள செல் தன் கசையிழையைச் சுழற்றி அந்தக் கோட்டில் நீந்துகிறது, வேறுபாடு அவ்வளவே.

இனி இரும்பின் பக்கம் வருவோம். எல்லாச் செல்களுக்கும் இரும்பு வேண்டும். எல்லாச் செல்களும் அதற்கு அஞ்சவும் வேண்டும். ஆக்சிஜன் சேர்க்கைக் குறைவான ஃபெரஸ் வடிவ இரும்பு நீரில் கரையும். ஆனால் அது கட்டின்றித் திரிந்தால், செல்லில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, மரபணுவையும் சவ்வையும் சிதைக்கும் தீவிர மூலக்கூறுகளைப் பிறப்பிக்கும். ஆக்சிஜன் சேர்ந்த ஃபெரிக் வடிவமோ நடுநிலை நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை, துருவாகப் படிந்துவிடும். மேக்னடைட்டுக்கு இந்த இரண்டு வடிவமும் தேவை. அதன் அமைப்பில் ஒரு ஃபெரஸ் அணுவுக்கு இரண்டு ஃபெரிக் அணுக்கள் என்ற விகிதம் இருக்க வேண்டும். ஆக்சிஜனேற்றம் சற்று மிஞ்சினால் துரு போன்ற வேறு கனிமம் விளையும். குறைந்தால் எதுவும் படியாமல் போகும். காந்தத் திசையறி பாக்டீரியாக்களின் உலர் எடையில் 2 முதல் 3 விழுக்காடு வரை இரும்பாக இருக்க முடியும். சாதாரண பாக்டீரியாக்களோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்குக்கும் மேல். இவ்வளவு இரும்பைச் செல்லின் பொது வெளியில் வைத்துக் கையாள்வது தற்கொலைக்கு ஒப்பாகும்.

எனவே பாக்டீரியா முதலில் அறை கட்டுகிறது. செல்லின் உட்சவ்வு, உள்நோக்கிக் குழிந்து ஒரு சிறு பையாக உருவெடுக்கிறது. படிகமும் அதைச் சூழ்ந்த சவ்வும் சேர்ந்த இந்த உறுப்பை ஆய்வாளர்கள் மேக்னட்டோசோம் என்று அழைக்கிறார்கள். தமிழில் காந்தப்பை என்றால் பொருந்தும் என்று நினைக்கிறேன். உள்ளறைகள் இல்லாதவை என்று நெடுங்காலம் பாடநூல்கள் வரையறுத்துவந்த பாக்டீரியாக்களில் இப்படி ஓர் உறுப்பு இருப்பது, செல் உயிரியலுக்கே ஒரு திருத்தமாக அமைந்தது. இரும்பு கொடுக்காமல் பட்டினி போட்டு வளர்த்த செல்களிலும் வெற்றுப் பைகள் வரிசையாக இருப்பதை அராஷ் கொமெய்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2004-இல் காட்டினார்கள். படிகம் உருவாகி அதைச் சுற்றிச் சவ்வு போர்த்தப்படவில்லை. சவ்வுப் பை தயாராகி, அதன் பிறகே உள்ளே படிகம் விளைகிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், உறைநிலையில் பல கோணங்களிலிருந்து எடுத்த எலக்ட்ரான் படங்களைக் கணினியில் கோத்து முப்பரிமாணமாகப் பார்த்தபோது, பல பைகளின் கழுத்து உட்சவ்வோடு இன்னும் இணைந்திருப்பதும் தெளிவாகத் தெரிந்தது. இது மேக்னட்டோஸ்பைரில்லம் என்ற பேரினத்தின் ஒரு சிற்றினத்தில் கண்டது; அதன் நெருங்கிய உறவான மற்றொன்றில் பைகள் பின்னர் சவ்விலிருந்து கழன்று தனியாகிவிடுகின்றன.

பை தயாரானதும் அதற்குள் இரும்பு ஏற்றப்படுகிறது. மாம்-பி, மாம்-எம் என்ற இரு புரதங்கள் பையின் சுவரில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கின்றன. இவை உலோக அயனிகளைச் சவ்வின் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் கடத்தும் பெரிய புரதக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவை. ஃபெரஸ் இரும்பு உள்ளே வந்த பிறகு அதில் ஒரு பங்கை ஃபெரிக் ஆக்க வேண்டும். அதற்கு இப்பாக்டீரியாக்களிடம் மட்டுமே காணப்படும் ஒரு தனிப்பட்ட சைட்டோகுரோம் அமைப்பு, அதாவது எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரத அமைப்பு, இருக்கிறது. மேக்னட்டோகுரோம் என்று அதற்குப் பெயர். அதைத் தாங்கிய மாம்-பீ என்ற புரதத்தின் முப்பரிமாண வடிவம் 2013-இல் வெளியானபோது, இரும்பைப் பிடித்து ஆக்சிஜனேற்றம் செய்யத் தக்க ஒரு குழிவு அதில் இருப்பது தெரியவந்தது. (முன்னர்ச் சொன்ன மாம்-பி வேறு, இது வேறு; ஆங்கில எழுத்தில் வேறுபடும் இரண்டும் தமிழில் ஏறக்குறைய ஒரே ஒலியாகிவிடுவதால் இதை நெட்டெழுத்தில் எழுதியிருக்கிறேன்.)

அடுத்து வருவது, பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு சிக்கல். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 40 நானோமீட்டர் பக்கமுள்ள ஒரு மேக்னடைட் படிகத்தில் ஏறத்தாழ 25 லட்சம் இரும்பு அணுக்கள் இருக்கும். மூன்று இரும்பு அணுக்கள் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்தால் மேக்னடைட்டின் ஓர் அலகு கிடைக்கிறது. அந்த ஆக்சிஜன், காற்றிலிருந்து வருவதில்லை, நீரிலிருந்து வருகிறது. நான்கு நீர் மூலக்கூறுகள் தம் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டால் எட்டு ஹைட்ரஜன் அயனிகள், அதாவது புரோட்டான்கள், மிஞ்சும். ஆக ஒரே ஒரு படிகம் வளர்ந்து முடிவதற்குள் ஏறத்தாழ 70 லட்சம் புரோட்டான்கள் அந்தப் பைக்குள் உண்டாகின்றன. பையின் கொள்ளளவோ எவ்வளவு சிறியதென்றால், அதை நடுநிலை நீரால் நிரப்பினால், அதில் எந்தக் கணத்திலும் சராசரியாக ஒரு தனித்த புரோட்டான்கூட இராது. மிஞ்சிய புரோட்டான்கள் அங்கேயே தங்கினால் பை கடும் அமிலமாகி, மேக்னடைட் படிவது நிற்கும். படிந்ததும் கரையத் தொடங்கும். ஆகவே இரும்பை உள்ளே அனுப்பும் வேகத்துக்கு ஈடாகப் புரோட்டான்களை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாம்-எம், மாம்-பி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த பல கடத்திகள் உலோகத்தை ஒருபுறம் அனுப்பும்போது புரோட்டானை எதிர்ப்புறம் மாற்றிக்கொள்பவை. பையில் உள்ள மாம்-என் என்ற மற்றொரு புரதமும் புரோட்டான் கடத்திகளின் சாயலில் அமைந்திருக்கிறது. இரும்பு உள்ளே, அமிலம் வெளியே என்ற இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சவ்வுப் பை இல்லாமல் நடத்தவே முடியாது.

பைக்குள் மேக்னடைட் ஒரே அடியில் தோன்றிவிடுவதில்லை. வளரும் நிலையிலுள்ள செல்களை இடையிடையே எடுத்து எக்ஸ் கதிர் நிறமாலையால் ஆராய்ந்தவர்கள், முதலில் பாஸ்பேட் மிகுந்த, ஒழுங்கற்ற ஃபெரிக் ஹைட்ராக்சைடு ஒன்று இருப்பதையும், அது படிப்படியாக மேக்னடைட்டாக மாறுவதையும் 2013-இல் தெரிவித்தார்கள். பாக்டீரியாக்களில் இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் வகைப் புரதங்களின் உட்பொருளும் இத்தகையதுதான்.

ஒரு பைக்குள் ஒரே ஒரு படிகம் வளர வேண்டும் என்பதிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கரைசல் அளவுக்கு மீறிச் செறிவானால் ஒரே நேரத்தில் பல இடங்களில் படிகக் கருக்கள் தோன்றி, எல்லாமே மிகச் சிறியவையாக நின்றுவிடும். ஆகவே ஒரு கரு தோன்றும் அளவுக்குச் செறிவை உயர்த்தி, அதற்கு மேல் போகவிடாமல் பிடித்துவைக்க வேண்டும். படிகத்தின் மேற்பரப்பில் இறுக ஒட்டியிருக்கும் புரதங்களை ஜப்பானில் தாதாஷி மட்சுனாகாவின் குழு பிரித்தெடுத்தது. அவற்றுள் எம்எம்எஸ்-6 என்ற சிறு புரதம் பேர்பெற்றது. சோதனைக் குழாயில் இரும்புக் கரைசலோடு இதைச் சேர்த்தால், பாக்டீரியாவில் காண்பதைப் போன்ற சீரான படிகங்கள் விளைகின்றன. செல்லில் இதற்குரிய மரபணுவை நீக்கிவிட்டால் படிகங்கள் சிறுத்து உருக்குலைகின்றன. மாம்-ஜி, மாம்-எஃப், மாம்-டி, மாம்-சி என்ற நான்கு புரதங்களையும் ஒருசேர நீக்கிய ஒரு சோதனையில், படிகங்கள் வழக்கமான அளவில் முக்கால் பங்கோடு நின்றுவிட்டன. மாம்-ஈ என்ற மற்றொன்று மற்றப் புரதங்களை வெட்டும் நொதி. அதன் வெட்டும் திறனை முடக்கினால் படிகங்கள் ஏறத்தாழ 20 நானோமீட்டரிலேயே தேங்கிவிடுகின்றன. முதலில் ஒரு சிறு படிகம், பின்பு ஓர் அனுமதி, அதன் பிறகே முழு வளர்ச்சி என்று இரு கட்டமாக வேலை நடக்கிறது என்பதற்கு இது சான்று. பையும் அப்படித்தான்: படிகம் உருவாகத் தொடங்கிய பிறகே பை பெரிதாகிறது. எது எதற்கு எல்லை வகுக்கிறது என்று ஒரே சொல்லில் கூற இயலாதபடி, கொள்கலமும் கொண்ட பொருளும் ஒன்றையொன்று பார்த்து வளர்கின்றன.

வடிவமும் தற்செயலாக அமைவதில்லை. மேக்னட்டோஸ்பைரில்லம் இனங்களில் மூலைகள் வெட்டப்பட்ட கனசதுரம்போன்ற படிகங்கள். வேறு சில கடல் இனங்களில் நீண்ட பட்டகங்கள். இன்னும் சிலவற்றில் துப்பாக்கித் தோட்டாவைப்போல ஒருமுனை கூர்ந்தவை. ஒரு சிற்றினத்தின் செல்கள் தலைமுறை தலைமுறையாக அதே வடிவத்தைச் செய்கின்றன. சல்ஃபைடு மிகுந்த நீரில் வாழும் சில இனங்கள் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகத்தைக் கொண்டு கிரெய்கைட் என்ற காந்தக் கனிமத்தை உண்டாக்குவதும் 1990-இல் அறியப்பட்டது.

படிகங்களை வரிசையில் நிறுத்துவது அடுத்த வேலை. சிறு காந்தங்களை ஒரு கைப்பிடி எடுத்து மேசையில் கொட்டினால் அவை ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகத் திரண்டுவிடும், நேர்கோட்டில் நிற்காது. திரண்ட உருண்டையில் முனைகள் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் அது திசைகாட்டியாகப் பயன்படாது. இந்தத் தவறு செல்லுக்குள் நேராமல் தடுப்பதற்கு மாம்-கே என்ற புரதம் இழையாக நீண்டு ஒரு கயிறுபோல் அமைகிறது. நம் செல்களுக்கு உருக்கொடுக்கும் ஆக்டின் என்ற புரதத்தின் தொலைதூர உறவு இது. காந்தப்பைகளை அந்தக் கயிற்றில் கட்டிவைப்பது மாம்-ஜே. 2006-இல் ஜெர்மனியின் டிர்க் ஷூலர் குழு மாம்-ஜே மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, படிகங்கள் முன்போலவே விளைந்தன. ஆனால் வரிசை குலைந்து திராட்சைக் கொத்தாகச் சுருண்டன. மேசையில் கொட்டிய காந்தங்களுக்கு நேர்ந்த அதே கதிதான். இவற்றோடு, சுருள்வடிவச் செல்லின் நீளவாட்டில் மிக நேரான கோட்டைத் தேர்ந்து வரிசையை அங்கே நிறுத்தும் மாம்-ஒய் என்ற மூன்றாவது புரதமும் பின்னர்க் கண்டறியப்பட்டது.

செல் இரண்டாகப் பிரியும் தருணம்தான் எனக்கு இவை அனைத்திலும் வியப்பளிப்பது. காந்த வரிசையை நடுவில் பிரித்து இரு மகள்செல்களுக்கும் பாதி பாதியாகக் கொடுத்தாக வேண்டும். ஆனால் பிரிந்த இரு பாதிகளும் காந்தங்கள் என்பதால் எதிரெதிர் முனைகளால் ஒன்றையொன்று விடாமல் இழுக்கும். நேராக இழுத்துப் பிரிப்பது மிகக் கடினம். மேக்னட்டோஸ்பைரில்லம் செல் ஒரு பக்கமாகக் குழிந்து, நடுவில் முறிக்கப்படும் குச்சியைப்போல் வளைந்து பிரிகிறது. வளையும்போது வரிசையின் இரு பாதிகளும் கோணத்தில் விலகுவதால், அவற்றைப் பிரிக்கத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பிரிந்த பிறகு பாதி வரிசை மகள்செல்லின் ஓரத்தில் கிடக்கும். மாம்-கே இழை அதை நடுவுக்கு நகர்த்திச் சேர்க்கும். புதிதாக விளையும் படிகங்கள் பழைய வரிசையின் காந்தப் புலத்திலேயே வளர்வதால் அதே முனைத்திசையைப் பெறும். வடக்கு எது என்ற செய்தி, மரபணுவின் வழியாக அல்லாமல், கல்லின் வழியாகவே தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது.

இத்தனை பாடும் எதற்காக? இந்த பாக்டீரியாக்களுக்கு மிகக் குறைந்த ஆக்சிஜன்தான் ஏற்றது. காற்றில் உள்ள அளவு அவற்றுக்குத் தீங்கு. மேக்னடைட் உருவாவதும் ஆக்சிஜன் குறைந்த நிலையில்தான். ஆக்சிஜன் மிகுந்தால் படிகம் உண்டாவது நின்றுவிடும். குளத்தின் அடியில் மேல்நீரின் ஆக்சிஜன் தேய்ந்து சேற்றின் ஆக்சிஜனற்ற நிலை தொடங்கும் இடத்தில், சில மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் அடுக்கில்தான் அவற்றுக்கு வாழ்வு. பூமியின் காந்தப்புலக் கோடுகள் நடுக்கோட்டுப் பகுதியில் கிடையாக ஓடினாலும், அதற்கு வடக்கிலும் தெற்கிலும் தரைக்குச் சாய்வாகவே செல்கின்றன. அந்தச் சாய்ந்த கோட்டைப் பற்றிக்கொண்டு நீந்தினால், முப்பரிமாணத்தில் எங்கெங்கோ அலைவதற்குப் பதிலாக, மேலே அல்லது கீழே என்ற ஒற்றை வழியில் தேடி உரிய அடுக்கை எட்டிவிடலாம். ஆக்சிஜன் மிகுதியை உணரும்போது கீழ்நோக்கியும் குறைவை உணரும்போது மேல்நோக்கியும் கசையிழை சுழலும் திசை மாறுகிறது. காந்தம் பாதையை மட்டும் கொடுக்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ஆக்சிஜன் சொல்கிறது.

வட அரைக்கோளத்தில் புலக்கோடுகள் வடக்கு நோக்கிச் சாய்ந்து தரைக்குள் இறங்குவதால், அங்குள்ள செல்கள் பெரும்பாலும் வடக்கை நாடும். தென் அரைக்கோளத்தில் சாய்வு நேர்மாறானது. நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் எடுத்த சேற்றில் தெற்கை நாடும் செல்களே மிகுந்திருந்தன என்று 1980-இல் பிளேக்மோரும் ஃபிராங்கலும் தெரிவித்தார்கள். காந்த நடுக்கோட்டுக்கு அருகே பிரேசிலில் எடுத்த மாதிரியில் இரு வகையும் ஏறக்குறையச் சம அளவில் கலந்திருந்தன. இவ்வளவும் அழகாகப் பொருந்திவந்த கணக்குக்கு, 2006-இல் மாசசூசெட்ஸின் ஓர் உவர்நீர்க் குட்டையில் தெற்கை நாடும் செல்கள் பெருந்திரளாகக் காணப்பட்டது ஒரு சவாலாக அமைந்தது. அதோடு, ஜெர்மனியின் கீம்சே ஏரியில் வாழும் பெரிய பாக்டீரியா ஒன்று ஆயிரம் படிகங்கள் வரை சுமக்கிறது. திசையறிய அதில் சிறு பங்கே போதும். இரும்பைச் சேமித்தல், தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் செயலிழக்கச் செய்தல் போன்ற வேறு பயன்களும் படிகங்களுக்கு இருக்கலாம் என்று சிலர் வாதிடுவதை, இந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போது எளிதில் தள்ளிவிட முடியாது.

இந்தக் கலைக்கான மரபணுக்கள் மேக்னட்டோஸ்பைரில்லத்தின் மரபுத்தொகுப்பில் சிதறிக் கிடக்காமல், காந்தத் தீவு என்று அழைக்கத்தக்க ஒரு பகுதியில் கூடியிருக்கின்றன. ஆய்வகத்தில் சொகுசாக வளர்க்கும்போது இப்பகுதியின் துண்டுகள் அவ்வப்போது கழன்றுபோய், காந்தமற்ற செல்கள் தோன்றிவிடும். 2010-இல் கொமெய்லியின் குழு அத்தீவின் மரபணுக்களைப் பகுதி பகுதியாக நீக்கி, பை அமைத்தல், படிகம் தொடங்குதல், வளர்த்தல் ஆகியவற்றுக்கு எவை எவை வேண்டும் என்று வரிசைப்படுத்தியது. 2014-இல் ஷூலரின் குழு அதற்கு எதிர்த்திசையில் போனது. ஏறத்தாழ முப்பது மரபணுக்களை எடுத்து, காந்தத்தோடு தொடர்பே இல்லாத, ஒளிச்சேர்க்கை செய்யும் ரோடோஸ்பைரில்லம் ரூப்ரம் என்ற பாக்டீரியாவுக்குள் செலுத்தியது. அது தன் செல்லுக்குள் பைகளை அமைத்து, ஒற்றைக் கள மேக்னடைட் படிகங்களை விளைவித்து, வரிசையாகவும் நிறுத்தியது.

சீரான அளவும், தூய்மையும், தானாகப் போர்த்திய சவ்வும் உள்ள இத்துகள்களை மருத்துவப் படிமங்களிலும், காந்தப்புலத்தால் சூடேற்றிப் புற்றைத் தாக்கும் முறைகளிலும் பயன்படுத்தும் ஆய்வுகள் நடக்கின்றன. கனடாவின் மொன்ட்ரியாலில் சில்வெய்ன் மார்ட்டெலின் குழு, ஆக்சிஜன் குறைந்த இடத்தை நாடும் இவ்வகைப் பாக்டீரியாவின் மீது மருந்து நிரம்பிய நுண்குமிழிகளைக் கட்டி, காந்தப்புலத்தால் வழிநடத்தி, எலிகளின் கட்டிகளுக்குள் செலுத்தியதை 2016-இல் வெளியிட்டது. கட்டியின் உட்பகுதியும் குளத்தின் அடிச்சேறும் ஆக்சிஜன் பஞ்சத்தில் ஒன்றுபோலவே இருப்பதைப் பயன்படுத்திக்கொண்ட முறை இது.

செல் மடிந்த பிறகும் படிகம் அழிவதில்லை. சேற்றில் புதைந்து, அடுக்கின்மேல் அடுக்கு மூடி, காந்தப் புதைபடிவமாக நிலைத்துவிடுகிறது. 1984-இல் அண்டார்க்டிகாவில் எடுத்த செவ்வாய்க் கோள் விண்கல்லில், பாக்டீரியாவின் படிகங்களை ஒத்த மேக்னடைட் துகள்கள் இருப்பதாக 1996-இல் எழுந்த பேச்சு உலகெங்கும் அடிபட்டது. இரும்புக் கார்பனேட்டைச் சூடாக்கினால் உயிரின் துணையில்லாமலேயே அத்தகைய துகள்கள் உண்டாகும் என்று காட்டிய பிறகு, அந்தச் சான்றின் வலு குறைந்தது. வடிவம் ஒன்றை மட்டும் கொண்டு உயிரைச் சாதிக்க முடியாது. வரிசையும், அளவுகளின் குறுகிய வீச்சும், வேதித் தூய்மையும் சேர்ந்தே பேச வேண்டும். பூமியிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூவுலகு திடீரென வெப்பமடைந்த காலத்தில் படிந்த களிமண், அமெரிக்காவின் நியூஜெர்சியில் தோண்டியெடுக்கப்பட்டது. அதிலிருந்து 4 மைக்ரோமீட்டர் நீளம் வரை வளர்ந்த, ஈட்டிமுனை வடிவ மேக்னடைட் படிகங்கள் கிடைத்தன. ஒரு சாதாரண காந்தத் திசையறி பாக்டீரியாவின் முழு உடலும் அந்த ஒற்றைப் படிகத்தின் நீளத்துக்குள் அடங்கிவிடும். வேதித் தூய்மையும் படிக ஒழுங்கும் அவற்றை உயிரின் ஆக்கம் என்றே காட்டுகின்றன. ஆனால் அப்படியொரு படிகத்தைச் செய்யும் உயிரி இன்று வாழும் எவற்றுள்ளும் இதுவரை கண்டெடுக்கப்படவில்லை.